கொல்லைப்புறத்தில் ஓடிய நிஜ நீராவி ரயில்: வால்ட் டிஸ்னி லேத் பிடித்த கதை

வால்ட் டிஸ்னி என்றதும் மிக்கி மவுஸும் டிஸ்னிலேண்டும் ஞாபகத்துக்கு வரும. ஆனால், 47 வயதில் இந்த மனிதர் சாயங்காலமானால் தன் ஸ்டூடியோவின் பட்டறைக்குள் போய், கையில் எண்ணெய்க் கறையோடு லேத் முன்னால் நின்றார் என்பது பலருக்குத் தெரியாது. அவர் அங்கே கற்றுக்கொண்டது ரயில் இன்ஜின் செய்ய! பொம்மை இன்ஜின் என்றாலும் கரி போட்டு, தண்ணீர் கொதித்து, நீராவியில் ஓடும் நிஜ இன்ஜின்.

ரயில் பைத்தியம் சின்ன வயசிலேயே பிடித்தது. 1901-ல் சிகாகோவில் பிறந்த வால்ட், மிசௌரி மாநிலத்தின் மார்சலின் என்ற சிற்றூரில் சில வருடம் வளர்ந்தார். ஊரை ஒட்டிப் போகும் சாண்டா ஃபே ரயில் பாதையில் அவருடைய மாமா மைக் மார்ட்டின் இன்ஜின் டிரைவர். 15 வயதில், 1917 கோடை விடுமுறையில், ஓடும் ரயிலில் பேப்பரும் மிட்டாயும் விற்கும் வேலைக்குப் போனார் வால்ட். வியாபாரத்தில் நஷ்டம்தான். ரயில் மோகம் மட்டும் குறையவில்லை.

வரையாத ஓவியர்

1940களில் அவர் பெரிய முதலாளி. அதுதான் பிரச்சினையும்கூட. 1920களின் நடுவிலேயே அனிமேஷன் படங்களைத் தன் கையால் வரைவதை நிறுத்திவிட்டார். 1941-ல் ஸ்டூடியோ ஓவியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சம்பளத்தில் இருந்த ஏற்றத்தாழ்வைப் பார்த்தால் அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது. வால்ட் அதைத் தனக்குச் செய்த துரோகமாகவே எடுத்துக்கொண்டார். போர் வந்தது, ஐரோப்பிய வசூல் நின்றது, கடன் ஏறியது. மனசு சோர்ந்துபோனது.

ஸ்டூடியோ நர்ஸ் ஹேசல் ஜார்ஜ் சும்மா இருக்கவில்லை. 1948-ல் சிகாகோவில் நடந்த ரயில் கண்காட்சிக்குப் போய்வரச் சொன்னார். துணைக்கு அனிமேட்டர் வார்ட் கிம்பலை அழைத்துக்கொண்டு கிளம்பினார் வால்ட். கிம்பல் சாதாரண ரசிகர் இல்லை. வீட்டுத் தோட்டத்தில் முழு அளவு நீராவி இன்ஜினையே நிறுத்தி வைத்திருந்தவர். ஆலி ஜான்ஸ்டன் என்ற இன்னொரு அனிமேட்டரும் வீட்டில் குட்டி நீராவி ரயில் கட்டிக்கொண்டிருந்தார். ஊழியர்களிடம் இருக்கிறது, முதலாளியிடம் இல்லை!

எட்டில் ஒரு பங்கு

1870களில் கலிஃபோர்னியாவில் ஓடிய சென்ட்ரல் பசிபிக் 173-ம் எண் இன்ஜினை மாதிரியாக எடுத்துக்கொண்டார்கள். பழைய வரைபடங்கள் சதர்ன் பசிபிக் ரயில்வேயிடமிருந்து வந்தன. அளவு, அசலில் எட்டில் ஒரு பங்கு. தண்டவாளத்தின் அகலம் ஏழேகால் அங்குலம்.

எல்லாவற்றையும் எட்டால் வகுத்தால் போதாதா? அங்கேதான் சிக்கல். நீளம் எட்டில் ஒன்றானால், பரப்பு 64-ல் ஒன்று, கொள்ளளவு 512-ல் ஒன்று. நெருப்பும் தண்ணீரும் நம் கணக்குக்குச் சுருங்காது. பாய்லருக்குள் சூடான புகை போகும் குழாய்களை அப்படியே சுருக்கினால் கரித்தூள் அடைத்துக்கொள்ளும். அதனால் இந்த மாதிரி இன்ஜின்களில் குழாய்களின் எண்ணிக்கையைக் குறைத்து, விகிதத்தைவிடப் பெரிதாக வைப்பார்கள். பாய்லரில் தண்ணீரும் கொஞ்சம்தான் என்பதால் அழுத்தம் சட்டென ஏறும், சட்டென இறங்கும். தண்ணீர் மட்டம் அடுப்பின் மேல்தகட்டுக்குக் கீழே போனால் தகடு சூடேறி, பலமிழந்துவிடும். ஓட்டுகிறவர் அரட்டை அடிக்க முடியாது, கண்ணாடிக் குழாயில் தெரியும் தண்ணீர் மட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கணும்.

இன்ஜினை வால்ட் தனி ஆளாகச் செய்தார் என்றுகூடக் கதை உண்டு. அது சரியில்லை. வரைபடம் போட்டவர் எடி சார்ஜென்ட். கஷ்டமான இயந்திர வேலைகளைப் பார்த்துக்கொண்டவர் பட்டறைத் தலைவர் ரோஜர் புரோகி. வால்ட் அவரிடம் தொழில் பழகும் பையன் மாதிரி தகரம் வெட்டவும் லேத் ஓட்டவும் கற்றுக்கொண்டார். புகைபோக்கி, முகப்பு விளக்கு, கொடிக்கம்பங்கள் அவர் கைவேலை. ரயிலின் கடைசியில் வரும் கார்டு பெட்டியின் உள்ளே குட்டி அடுப்பு உட்பட ஒவ்வொரு சாமானையும் அவரே செய்து வைத்தார். ஸ்டூடியோவில் உத்தரவு போடுகிறவர், பட்டறையில் புரோகி சொல்வதைக் கேட்டு வேலை செய்தார்.

1949 டிசம்பர் 24 அன்று, ஸ்டூடியோவுக்குள் போட்ட சோதனைப் பாதையில் இன்ஜின் ஓடியது. மனைவி லில்லியன் பெயரால் அதற்கு லில்லி பெல் என்று பெயர்.

மனைவி பெயர் வைத்ததால் மட்டும் வீட்டில் அனுமதி கிடைத்துவிடுமா? லாஸ் ஏஞ்சல்ஸின் கேரல்வுட் தெருவில் கட்டிய புது வீட்டைச் சுற்றி 2,615 அடிக்குத் தண்டவாளம் போட, வக்கீலை வைத்து ஒப்பந்தப் பத்திரமே தயாரித்து மனைவி, மகள்களிடம் கையெழுத்து வாங்கினார். பாதி விளையாட்டு, பாதி நிஜம். லில்லியனின் பூந்தோட்டம் கெடக்கூடாது என்று அதன் அடியில் 90 அடி சுரங்கம் தோண்டினார்கள். நேராகத் தோண்டினால் செலவு குறைவு. அவரோ வளைத்து வளைத்துத் தோண்டச் சொன்னார். நுழையும்போது மறுமுனை தெரிந்துவிட்டால் சுவாரசியம் போய்விடுமாம். 1950 மே 7 முதல் வார இறுதிகளில் விருந்தினர்கள் வரிசையில் நின்றார்கள்.

ஒரு விபத்து

1953-ல் அது நின்றது. விருந்தினர் ஒருவர் ஓட்டும்போது இன்ஜின் தடம் புரண்டது. விசில் உடைந்து, பீய்ச்சி அடித்த நீராவியில் ஐந்து வயதுச் சிறுமியின் கால் வெந்துபோனது. வால்ட் உடனே ரயிலை நிறுத்தி, இன்ஜினை ஸ்டூடியோவுக்கு அனுப்பிவிட்டார். வீட்டில் அது மறுபடி ஓடவில்லை.

ஆனால், பூங்கா ஒன்று கட்டும் யோசனை சிகாகோவிலிருந்து திரும்பிய மாதமே குறிப்பாக எழுதப்பட்டிருந்தது. அதற்கு இன்ஜின் வேண்டுமே? புரோகியின் பட்டறை லில்லி பெல்லின் வரைபடத்தை எடுத்து ஐந்தால் பெருக்கியது. எட்டில் ஒன்று, எட்டில் ஐந்து ஆனது. ஏழேகால் அங்குலத்தை ஐந்தால் பெருக்கிப் பாருங்கள்: கிட்டத்தட்ட மூன்று அடி. டிஸ்னிலேண்ட் ரயில் பாதையின் அகலமும் மூன்று அடிதான். 1955 ஜூலை 17-ல் பூங்கா திறந்தபோது அங்கே இரண்டு நீராவி இன்ஜின்கள் தயாராக இருந்தன. இரண்டும் இன்றும் ஓடுகின்றன.

வால்ட் 1966 டிசம்பர் 15-ல் இறந்தார். லில்லி பெல் இப்போது சான் ஃபிரான்சிஸ்கோவில், அவர் குடும்பம் நடத்தும் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. வீட்டு ரயிலின் சிக்னல்களை அவர் இயக்கிய சிறிய மரக் கொட்டகையை 1999-ல் பிரித்து, லாஸ் ஏஞ்சல்ஸின் கிரிஃபித் பூங்காவில் திரும்பக் கட்டினார்கள். மார்சலின் பண்ணையில் சிறுவயதில் பார்த்த கொட்டகை மாதிரியே அவர் கட்டிக்கொண்டது அது.