கோழைச் சிங்கமாக நடித்து உலகை அழவைத்து சிரிக்கவைத்தவர்: யார் இந்த பெர்ட் லார்?

1939-ல் வெளியான ‘தி விசார்ட் ஆஃப் ஆஸ்’ படத்தைப் பார்த்தவர்கள் அந்தச் சிங்கத்தை மறந்திருக்க மாட்டார்கள். கர்ஜித்தபடி பாய்ந்து வரும். மூக்கில் ஒரு அடி விழுந்ததும் குழந்தை மாதிரி தேம்பித் தேம்பி அழும். அந்தச் சிங்கத் தோலுக்குள் இருந்தவர்தான் பெர்ட் லார்.

மேடையே பள்ளிக்கூடம்

1895-ல் நியூயார்க்கில், ஜெர்மன் யூதக் குடும்பத்தில் பிறந்தார். இயற்பெயர் இர்விங் லார்ஹைம். படிப்பு ஏறவில்லை. 15 வயதில் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு வாட்வில் குழு ஒன்றில் சேர்ந்தார். வாட்வில் என்றால் ஒரே மேடையில் பாட்டு, ஆட்டம், வித்தை, காமெடி என எல்லாம் மாறி மாறி வரும் நிகழ்ச்சி. கிடைத்த சில நிமிடங்களுக்குள் சிரிக்க வைக்கணும். இல்லேன்னா அடுத்த ஊரில் வாய்ப்பு கிடையாது.

அங்கே மெர்சிடிஸ் டெல்பினோவுடன் ஜோடி சேர்ந்து, தத்துப்பித்து போலீஸ்காரராகப் பெயர் வாங்கினார். பிறகு அவரையே மணந்தார். 1928-ல் பிராட்வேயில் ‘ஹோல்ட் எவ்ரிதிங்’ நாடகம் லாரை நட்சத்திரமாக்கியது. ஆனால், மெர்சிடிஸின் மனநலம் குலைந்தது. மேடையில் சிரிப்பு அலை அடித்த அதே காலத்தில் வீட்டில் நிம்மதி இல்லை.

கேமரா தந்த சிக்கல்

1931-ல் ‘ஃப்ளையிங் ஹை’ மூலம் சினிமாவுக்கு வந்தார். கடைசி வரிசைக்கும் எட்ட வேண்டும் என்று பழகிய முகபாவங்களும் குரலும் குளோசப்பில் மிகையாகத் தெரிந்தன. சினிமா அவரைச் சின்னச் சின்ன வேடங்களிலேயே வைத்திருந்தது.

அந்தப் பெரிய நடிப்புக்குச் சரியாகப் பொருந்தியது சிங்க வேஷம்தான். நிஜச் சிங்கத் தோலால் தைத்த உடை, சுமார் 40 கிலோ எடை. டெக்னிகலர் படப்பிடிப்புக்குத் தேவைப்பட்ட விளக்குகளின் சூடு வேறு. முக ஒப்பனை கலைந்துவிடும் என்பதால், படப்பிடிப்பு நாட்களில் உறிஞ்சுகுழல் வழியே திரவ உணவுதான்.

படம் காலத்தை வென்றது. அதற்காக வாய்ப்புகள் குவிந்துவிடவில்லை. சிங்க வேஷம் எத்தனை படத்தில்தான் வரும்? அதே ஆண்டிலேயே பிராட்வேக்குத் திரும்பிவிட்டார்.

அறுபதில் ஒரு துணிச்சல்

1956-ல் சாமுவேல் பெக்கெட்டின் ‘வெயிட்டிங் ஃபார் கோடோ’ நாடகத்தில் எஸ்ட்ரகனாக நடித்தார். கலகலப்பான காமெடி என விளம்பரம் செய்யப்பட்டதால், மியாமியில் ஏமாந்த ரசிகர்கள் பாதியிலேயே எழுந்து போனார்கள். நியூயார்க்குக்கு வந்தபோது இயக்குநரும் சக நடிகரும் மாறினார்கள். லார் மட்டும் விடவில்லை. இந்த முறை விமர்சகர்கள் கொண்டாடினார்கள். காத்திருப்பதையும் பசியையும் சிரிப்பாக்க, பழைய வாட்வில் பயிற்சிதான் கைகொடுத்தது.

1964-ல் ‘ஃபாக்ஸி’ இசை நாடகத்துக்காக டோனி விருது கிடைத்தது. லேஸ் சிப்ஸ் விளம்பரங்கள் அவரைப் புதிய தலைமுறைக்கும் அறிமுகப்படுத்தின.

கடைசிப் படம் ‘தி நைட் தே ரெய்டட் மின்ஸ்கீஸ்’. 1920-களின் நியூயார்க் கேளிக்கை மேடைகளைப் பற்றிய கதை, அதாவது அவர் வளர்ந்த உலகம். படப்பிடிப்பு முடியும் முன்பே, 1967 டிசம்பர் 4 அன்று 72 வயதில் காலமானார். மீதிக் காட்சிகளை டூப் வைத்து முடித்தார்கள். எங்கே தொடங்கினாரோ, அந்த மேடையின் கதையிலேயே அவருடைய நடிப்பு நின்றுபோனது.