மலையழகைக் காட்டிய மாகவி சர் வால்ட்டர் ஸ்காட்

கோடை விடுமுறை வந்துவிட்டால் நம்மில் பலருடைய மனம் மலையை நாடுகிறது. மேகம் தவழும் முகடுகளையும், பாய்ந்து வரும் அருவியையும், அமைதியான ஏரியையும் காண மக்கள் நெடுந்தூரம் பயணம் செய்கின்றனர். மலையைக் கண்டு மகிழ்வது மனித இயல்புதானே என்று நாம் எண்ணலாம். ஆனால், ஸ்காட்லாந்தின் மலைநாட்டை முன்னாளில் கண்டவர்கள் எல்லாரும் அப்படி மகிழ்ந்துவிடவில்லை. 1773-ஆம் ஆண்டு அங்குச் சுற்றுப்பயணம் செய்த பேரறிஞர் சாமுவேல் ஜான்சனுக்கு அம்மலைகள் ஒன்றுக்கும் உதவாத பாழ்நிலமாகவே தோன்றின. அதே மலைகளைக் காண உலகமே திரண்டு வரும்படி செய்தவர், கால் ஊனமுற்ற ஒரு கவிஞர். அவரே சர் வால்ட்டர் ஸ்காட்.

இளமைப் பருவம்

ஸ்காட் 1771-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 15-ஆம் நாள் எடின்பரோ நகரில் பிறந்தார். தந்தை சட்டத் தொழில் புரிந்தவர். குழந்தைக்கு ஒன்றரை வயதானபோது இளம்பிள்ளைவாதம் தாக்கி வலக்கால் செயலிழந்தது. நல்ல காற்று உடலைத் தேற்றும் என்று கருதி, சாண்டிநோ என்னும் சிற்றூரிலிருந்த பாட்டனாரின் பண்ணைக்கு அனுப்பினர்.

நடக்க இயலாத குழந்தையைப் பண்ணையாள் தூக்கிச் சென்று, ஆடுகள் மேயும் புல்வெளியில் விடுவார். ஒருநாள் இடியும் மின்னலும் சூழ்ந்தபோது வீட்டார் பதறி ஓடினராம். குழந்தையோ மின்னல் வெட்டும்போதெல்லாம் கைகொட்டிச் சிரித்துக்கொண்டிருந்ததாம்! பாட்டியார் பழைய வீரர்களின் கதைகளைச் சொன்னார்; அத்தை பாடல்களைப் படித்துக் காட்டினார். ஒவ்வொரு குன்றுக்கும் ஒரு கதை உண்டு என்பதை அப்பிள்ளை மனம் அன்றே அறிந்துகொண்டது.

ஏரிக்கு முதற் பயணம்

வளர்ந்தபின் தந்தையின் அலுவலகத்தில் எழுத்தராகத் தொழில் பயின்றார். அப்போது மலைநாட்டில் ஒரு குத்தகைக் குடும்பத்தை நிலத்திலிருந்து வெளியேற்றும் ஆணையை நிறைவேற்ற அவர் அனுப்பப்பட்டார். எதிர்ப்பு வரலாம் என்பதால் ஒரு சிறு படையும் உடன் சென்றது. வழியெல்லாம் படைத்தலைவர், ராப் ராய் என்னும் மலைநாட்டு வீரனின் கதைகளைச் சொல்லிக்கொண்டு வந்தார். இவ்வாறு சென்றபோதுதான் கேட்ரின் ஏரியையும் அதைச் சூழ்ந்த காடுகளையும் ஸ்காட் முதன்முதலில் கண்டார்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வீடு வெறுமையாக இருந்தது. எளியவர்களான அக்குடும்பத்தார் முன்னரே வெளியேறியிருந்தனர்; பின்னர் அமெரிக்காவிற்குச் சென்றுவிட்டனர்.

கவிதை செய்த விந்தை

1810-ஆம் ஆண்டு அந்த ஏரியையே களமாகக் கொண்டு, ‘ஏரியின் சீமாட்டி’ என்று பொருள்படும் பெயரில் ஒரு கதைக் கவிதையை ஸ்காட் வெளியிட்டார். அவ்வாண்டிலேயே ஏறத்தாழ 20,000 படிகள் விற்றன. படித்தவர்கள் வண்டி பூட்டிக்கொண்டு கேட்ரின் ஏரிக்கு விரைந்தனர். அக்கம்பக்கத்து விடுதிகள் நிரம்பி வழிந்தன. வாடகைக் குதிரைகளின் மீது விதித்த வரியும் ஸ்காட்லாந்தில் பெருகிற்று. ஏரியிலுள்ள ஒரு தீவு கதைத்தலைவி எலனின் பெயராலேயே வழங்கலாயிற்று. 1846-ஆம் ஆண்டு முதல் தாமஸ் குக் கூட்டங் கூட்டமாகப் பயணிகளை ஸ்காட்லாந்துக்கு அழைத்து வந்தார். பயணிகள் விரும்பியது வெறும் மலையை அன்று. கதை படிந்த மலையையே!

ஆயினும் இதற்கு மறுபக்கமும் உண்டு. ஸ்காட்டின் முதல் நாவலாகிய ‘வேவர்லி’ வெளிவந்த அதே 1814-இல், வடக்கே ஸ்டிராத்நேவர் பள்ளத்தாக்கில் ஆட்டுப் பண்ணைகளுக்காகக் குடியானவர்கள் வீடுகளைவிட்டுத் துரத்தப்பட்டனர். தனிமையும் அமைதியும் தவழும் பள்ளத்தாக்குகளைப் பயணிகள் வியந்து பார்த்தனர். அவற்றுள் பல, மக்களை இழந்ததனால் அமைதியானவை என்பதை எத்தனை பேர் அறிந்திருப்பர்? ஸ்காட் அறிந்திருந்தார். 1816-இல் எழுதிய ஒரு கட்டுரையில், பேராசையால் மலைநாடு வெறுமையாக்கப்படுவதை எண்ணி வருந்தினார்.

கடனும் கடமையும்

1820-இல் ‘சர்’ பட்டம் பெற்ற ஸ்காட்டை 1826-இல் பேரிடி தாக்கியது. அவர் பங்கு கொண்டிருந்த அச்சகமும், அவர் நூல்களை வெளியிட்ட பதிப்பகமும் வீழ்ந்தன. ஏறத்தாழ 1,20,000 பவுன் கடன் அவர் தலைமேல் விழுந்தது. அவ்வாண்டே மனைவியும் மறைந்தார். பிறர் உதவியை நாடாமல், தம் எழுதுகோலாலேயே கடனைத் தீர்ப்பது என்று உறுதி பூண்டார். நோயுற்ற நிலையிலும் எழுதினார். 1832 செப்டம்பர் 21-ஆம் நாள் ஆபட்ஸ்ஃபோர்டு இல்லத்தில் உயிர் நீத்தார். எஞ்சிய கடனையும் அவருடைய நூல்களே பின்னர் அடைத்தன.

அக்கடனுக்காகவே தம் நாவல்களைப் புதிய முன்னுரைகளுடன் மறுபடியும் வெளியிட்டார். ‘ராப் ராய்’ நாவலின் முன்னுரையில், இளமையில் தாம் வெளியேற்றச் சென்ற குடும்பத்தை அவர் மறவாமல் குறிப்பிட்டார். அதில் தமக்கும் சிறு பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொண்டு, அவர்கள் சென்ற இடத்தில் நல்வாழ்வு பெற்றிருக்க வேண்டுமென விரும்பினார். பணக் கடனை மறைக்காத அந்த நெஞ்சம் இந்தக் கடனையும் மறைக்கவில்லை.

அன்பு மாணவியரே! அடுத்த முறை நாம் மலைக்குச் சுற்றுலா செல்லும்போது, அருவியையும் ஏரியையும் கண்டு களிப்போம். கூடவே, இங்கு யார் வாழ்ந்தனர், யார் வாழ்கின்றனர், அவர்களின் கதை யாது என்றும் கேட்டறிவோம். அழகைக் காணும் கண்ணோடு அங்குள்ள மனிதரைக் காணும் கண்ணும் நமக்கு வேண்டும். ஸ்காட்டின் வாழ்வு நமக்குப் புகட்டும் பாடம் இதுவே.