பத்துப் பேர் போனார்கள், இருவர் திரும்பினார்கள்

காரைநகரிலிருந்து ஊர்காவற்றுறைக்குப் பாதையில் போகும் போதெல்லாம் என் பார்வை கடலுக்கு நடுவே நிற்கும் கடற்கோட்டையில் போய் நிற்கும். ஒல்லாந்தர் அதற்கு ஹம்மன்ஹீல் என்று பெயரிட்டார்கள். பின்னாளில் அது சிறையாக இருந்தது எங்களில் பலருக்குத் தெரியும். ஆனால் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், அதே பெயரில் யாழ்ப்பாணத்தில் ஒரு பிரித்தானிய முகாம் இருந்தது பலருக்குத் தெரியாது. சிறு படகுகளில் இரவோடிரவாக எதிரியின் கரைக்குப் போய்வரும் அணிகளை 1944 இல் அங்கே ஒன்றுசேர்த்தார்கள். அவர்களின் பயிற்சியைப் பார்த்துக்கொள்ள வந்தவர் றோயல் மரைன்ஸ் படை அதிகாரி ஹேர்பேர்ட் ஹாஸ்லர்.

எங்கள் கடலுக்கு வந்த அந்த மனிதரைப் பற்றித் தேடிப் படித்தபோது, அவர் வாங்கிய பதக்கங்களை விட அவருடன் போய்த் திரும்பாத எட்டுப் பேரே என் மனதில் நின்றார்கள்.

ஹாஸ்லர் 1914 இல் டப்ளினில் பிறந்தார். அவருக்கு மூன்று வயதாயிருந்தபோது தந்தை பயணம் செய்த படையினர் கப்பல் நீர்மூழ்கியால் தாக்கப்பட்டு மூழ்கியது. தந்தை திரும்பவில்லை. தாயின் வளர்ப்பில் வளர்ந்த பிள்ளை தானே படகு கட்டிக் கடலில் ஓடப் பழகினார். 1932 இல் றோயல் மரைன்ஸில் அதிகாரியாகச் சேர்ந்தார். 1940 இல் நோர்வேயின் நார்விக் சண்டையில் தரையிறங்கு படகுகளை நடத்தியதற்காக அவருக்கு விருதுகள் கிடைத்தன.

அப்போது ஜேர்மனியரின் பிடியிலிருந்த பிரான்ஸின் போர்தோ துறைமுகத்துக்கும் ஜப்பானுக்கும் இடையே வேகமான சரக்குக் கப்பல்கள் ஓடிக்கொண்டிருந்தன. இறப்பரும் தகரமும் அவற்றில் வந்தன. துறைமுகமோ கடலிலிருந்து சுமார் 100 கிலோமீற்றர் உள்ளே ஆற்றங்கரையில் இருந்தது. விமானத்தால் குண்டு வீசினால் ஊர்ச்சனம் சாகும். எனவே இருவர் ஏறும் கன்வஸ் தோணிகளில் போய்க் கப்பல்களில் காந்தக் குண்டு ஒட்டலாம் என்று ஹாஸ்லர் திட்டம் போட்டார்.

திட்டம் போட்டவர் போகக்கூடாது, அவர் அனுபவம் தேவை என்று மவுண்ட்பேட்டன் முதலில் தடுத்தார். தன் பொடியளை அனுப்பிவிட்டுத் தான் கரையில் இருக்க முடியாதென்று ஹாஸ்லர் வாதாடி அனுமதி பெற்றார்.

1942 டிசெம்பர் 7 இரவு, நீர்மூழ்கியிலிருந்து ஆறு தோணிகள் இறக்கப்பட இருந்தன. ஒன்று வெளியே எடுக்கும்போதே கிழிந்தது. மிச்சம் ஐந்து தோணிகளில் பத்துப் பேர் புறப்பட்டார்கள். ஆற்றுமுகத்தின் நீர்ச்சுழியில் ஒரு தோணி காணாமற் போனது. இன்னொன்று கவிழ்ந்தது. அதிலிருந்த இருவரையும் மற்றவர்கள் கரைப்பக்கமாக இழுத்துப் போனார்கள். அதற்கு மேல் இழுத்தால் எல்லோரும் பிடிபடுவார்கள். கடுங்குளிர்த் தண்ணீரில் அவர்களை விட்டுப் போகச் சொன்னவர் ஹாஸ்லர். இருவரும் உயிர் தப்பவில்லை. பிறகு மூன்றாவது தோணியும் இருட்டில் பிரிந்தது.

பகலில் நாணல் புதருக்குள் ஒளிந்து, இரவில் துடுப்புப் போட்டுப் போர்தோவை அடைந்தவை இரண்டே தோணிகள். வழியில் அவர்களைக் கண்ட பிரெஞ்சுக் கிராமத்தவர்கள் காட்டிக்கொடுக்கவில்லை. டிசெம்பர் 11 இரவு குண்டுகள் ஒட்டப்பட்டன. விடியும்போது கப்பல்கள் வெடித்தன. அதே கப்பல்களைத் தகர்க்க பிரித்தானியாவின் இன்னொரு இரகசிய அமைப்பும் உள்ளூரில் ஆயத்தமாகிக் கொண்டிருந்தது. ஒரு பகுதி செய்வது மறுபகுதிக்குத் தெரியாது.

ஹாஸ்லரும் அவர் தோணியில் இருந்த பில் ஸ்பார்க்ஸும் சுமார் 160 கிலோமீற்றர் நடந்து ருஃபெக் என்ற ஊரை அடைந்தனர். எதிர்ப்பியக்கத்தினரும் சாதாரண குடும்பங்களும் உயிரைப் பணயம் வைத்து அவர்களை ஒளித்துவைத்து, பிரெனீஸ் மலை வழியாக ஸ்பெயினுக்கு அனுப்பினார்கள். மற்ற ஆறு பேரும் வெவ்வேறு நாட்களில் பிடிபட்டார்கள். சீருடையில் வந்த படையினர் அவர்கள். போர்க் கைதிகளாக நடத்தப்பட வேண்டியவர்கள். ஆனால் கொமாண்டோக்கள் பிடிபட்டாலும் கொல்லப்பட வேண்டும் என்ற ஹிட்லரின் இரகசியக் கட்டளை இரண்டு மாதங்களுக்கு முன்னரே வந்திருந்தது. ஆறு பேரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். வீட்டாருக்கு முதலில் கிடைத்த செய்தி காணாமற் போனார்கள் என்பது மட்டுமே. உண்மை போர் முடிந்த பின்னரே தெரிய வந்தது. ஆறு பேருக்கும் அறியப்பட்ட புதைகுழி இல்லை.

ஜேர்மன் கடற்படைத் தளபதியாக இருந்த ரேடர் மீதான நூரெம்பேர்க் தீர்ப்பில் போர்தோவில் சுடப்பட்ட இரு கொமாண்டோக்களின் விடயமும் பேசப்பட்டது. அவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 1955 இல் விடுதலையானார். முழு நீதி என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் கட்டளையும் கொலையும் எழுத்தில் பதிவாகின. அந்தப் பதிவின் பெறுமதி எங்களுக்கு விளங்கும்.

ஹாஸ்லருக்குச் சிறப்புச் சேவை விருது கிடைத்தது. பின்னர் இலங்கை வந்தார். உடல்நலக் குறைவால் 1948 இல் படையை விட்டார். 1960 இல் தனியாக அத்திலாந்திக்கைக் கடக்கும் படகுப் போட்டியைத் தொடக்கி, ஜெஸ்டர் என்ற சிறு படகில் 48 நாளில் தானும் கடந்து இரண்டாவதாக வந்தார். ஆள் சுக்கான் பிடிக்காமலே காற்றின் போக்கில் படகைச் செலுத்தும் கருவியை அவர் உருவாக்கியது தனியே கடலோடுபவர்களுக்குப் பெரிய உதவி. 1987 இல் காலமானார்.

இப்போது பாதையில் போகும்போது கோட்டையைப் பார்த்தால், திரும்பி வந்தவரின் கதையோடு நான் அந்த எட்டுப் பேரையும் எண்ணிப் பார்க்கிறேன். காணாமற் போனவர் என்று மட்டும் அறிவிக்கப்பட்டு, எங்கே கிடக்கிறார் என்று தெரியாத பிள்ளைக்காகக் காத்திருந்த தாய்மார் அங்கும் இருந்திருக்கிறார்கள்.