அலைக்கு வேலி இல்லை: மார்க்கோனியின் கதையும் வீட்டு ரவுட்டரும்

துணுக்காயில் ஒரு வீட்டின் யன்னலோரம் வைத்த வைஃபை ரவுட்டரின் அலை, வளவு வேலியோடு நின்றுவிடுவதில்லை. அடுத்த வளவுக்கும் வீதிக்கும் போகிறது. பிள்ளைகளின் படிப்புக்கும், வெளிநாட்டில் உள்ள உறவுகளோடு பேசுவதற்கும் காசு கொடுத்து வாங்கிய டேட்டாவை வேறொருவர் செலவழித்துவிடலாம். அந்த இணைப்பின் ஊடாக ஒரு குற்றம் நடந்தால், விசாரணை முதலில் தேடி வருவது இணைப்பின் உரிமையாளரைத்தான்.

காற்றில் போகும் செய்தியை எப்படிப் பூட்டுவது? இந்தக் கேள்வி புதியதல்ல. 120 ஆண்டுகளுக்கு முன்னரே, வானொலியின் தந்தை எனப் போற்றப்படும் குக்லியெல்மோ மார்க்கோனியை அது சிக்கலில் மாட்டியது.

மார்க்கோனி 1874 ஏப்ரல் 25ஆம் திகதி இத்தாலியின் பொலோஞா நகரில் பிறந்தார். தந்தை நிலக்கிழார், தாய் அயர்லாந்தைச் சேர்ந்தவர். பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் அவரிடம் இருக்கவில்லை. ஜேர்மன் விஞ்ஞானி ஹேர்ட்ஸ் நிரூபித்த மின்காந்த அலைகளைக் கொண்டு செய்தி அனுப்பலாம் என்ற எண்ணத்தில் வீட்டின் மேல்மாடியிலேயே சோதனைகளைத் தொடங்கினார். 1895இல் அவரது சமிக்ஞை ஒரு குன்றையும் தாண்டி ஏறத்தாழ 2 கிலோமீற்றர் தூரம் சென்றது.

அடுத்த ஆண்டே தாயுடன் இங்கிலாந்து சென்று காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1897இல் கம்பனி தொடங்கினார். 1899இல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து செய்தி அனுப்பினார். 1901 டிசம்பரில், இங்கிலாந்தின் போல்டு நிலையத்திலிருந்து அனுப்பிய சமிக்ஞையை அத்திலாந்திக் கடலுக்கு அப்பால் நியூபவுண்ட்லாந்தில் கேட்டதாக அறிவித்தார். கடலடிக் கம்பிகளில் பெருந்தொகை முதலிட்டிருந்த தந்திக் கம்பனிகள் கலங்கின.

சபையில் புகுந்த கேலி

யாரும் ஒட்டுக்கேட்கலாமே என்ற சந்தேகத்துக்கு மார்க்கோனியிடம் ஒரு பதில் இருந்தது. ஒவ்வொரு கருவியையும் தனக்கென ஒரு அலைநீளத்துக்கு இசைவித்தால், வேறு கருவி அதைப் பிடிக்க முடியாது என்றார். 1900இல் அவர் பெற்ற 7777ஆம் இலக்கக் காப்புரிமை இதற்கானதே.

இதை நம்பாதவர் நெவில் மாஸ்கலின். புகழ்பெற்ற மந்திர வித்தைக் குடும்பத்தில் பிறந்த அவருக்குக் கம்பியில்லாத் தந்தியும் கைவந்த கலை. ஈஸ்டர்ன் என்ற தந்திக் கம்பனி அவரை அமர்த்தியது. கோர்ன்வால் கரையில் உயரமான கம்பம் நட்டு, மார்க்கோனி நிலையத்தின் செய்திகளை அவர் இலகுவாகக் கேட்டார்.

1903 ஜூனில் லண்டன் ரோயல் இன்ஸ்டிடியூஷனில் பேராசிரியர் ஃபிளெமிங் விரிவுரை நிகழ்த்தினார். போல்டுவிலிருந்து மார்க்கோனி அனுப்பும் செய்தியைச் சபைக்குக் காட்டுவதே திட்டம். அதற்குச் சற்று முன்னர், அங்கிருந்த கருவி எலிகள் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைத் திரும்பத் திரும்பத் தட்டியது. தொடர்ந்து மார்க்கோனியைக் கேலி செய்யும் பாட்டு வந்தது. அருகிலிருந்து மாஸ்கலின் அனுப்பிய வேலை அது. ஃபிளெமிங் பத்திரிகையில் கொதித்தார். ஓட்டையைக் காட்டவே அப்படிச் செய்ததாக மாஸ்கலின் அதே பத்திரிகையில் ஒப்புக்கொண்டார்.

அலைநீளம் ஒரு முகவரி மட்டுமே, பூட்டு அல்ல என்பது அன்று அம்பலமானது.

ஆனால் யாரும் கேட்கலாம் என்ற அதே தன்மைதான் 1912இல் உயிர் காத்தது. டைட்டானிக் கப்பலில் இருந்த மார்க்கோனி கம்பனியின் இயக்குநர்கள் விடுத்த அபாய அழைப்பைக் கேட்டு வந்த கார்பேத்தியா கப்பல் 700க்கும் மேற்பட்டோரை மீட்டது. முதலாம் உலகப் போரில் ஜேர்மனியின் கம்பியில்லாச் செய்திகளைப் பிரித்தானியா பிடித்து, மறைகுறிகளை உடைத்து வாசித்தது. அலையை மறைக்க முடியாது, செய்தியைத்தான் வலுவாகப் பூட்ட வேண்டும் என்பதை நாடுகள் கற்றுக்கொண்டன.

மார்க்கோனி 1909இல் பௌதிகவியல் நோபல் பரிசை பிறவுணுடன் பகிர்ந்தார். 1923இல் முசோலினியின் பாசிசக் கட்சியில் சேர்ந்தது அவர் வாழ்வின் கறை. 1937 ஜூலை 20ஆம் திகதி ரோமில் காலமானார். வானொலி நிலையங்கள் இரண்டு நிமிடம் மௌனம் காத்தன.

எங்கள் வீட்டில் செய்ய வேண்டியவை

வைஃபையின் பெயரை மறைத்து வைத்தால் போதும் எனச் சிலர் நினைக்கிறார்கள். அது மார்க்கோனி செய்த அதே தவறு. மறைத்த பெயரையும் இலவசச் செயலிகள் கண்டுபிடித்துவிடும்.

ரவுட்டரில் இரண்டு கடவுச்சொற்கள் உண்டு. ஒன்று வைஃபையில் இணைவதற்கு; மற்றது ரவுட்டரின் அமைப்புகளைத் திறப்பதற்கு. பலர் முதலாவதை மட்டும் மாற்றி, இரண்டாவதை அட்மின் என்றே விட்டுவிடுகிறார்கள். இரண்டையும் மாற்றுங்கள். தொலைபேசி இலக்கம், பிள்ளையின் பெயர் வேண்டாம். தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைச் சேர்த்தால் நினைவிலும் நிற்கும், உடைக்கவும் கடினம்.

பாதுகாப்பு வகையில் டபிள்யூபிஏ3, இல்லையேல் டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் என்பதைத் தெரிவு செய்யுங்கள். பழைய டபிள்யூஇபி 2001இலேயே உடைக்கப்பட்டுவிட்டது. பொத்தானாலும் எட்டு இலக்கக் குறியீட்டாலும் இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியை நிறுத்துங்கள். ரவுட்டரின் மென்பொருளை இற்றைப்படுத்துங்கள். வீட்டுக்கு வருவோருக்கு விருந்தினர் வலையமைப்பைத் திறந்து கொடுங்கள். இணைந்துள்ள கருவிகளின் பட்டியலை மாதம் ஒருமுறை பாருங்கள். தெரியாத கருவி இருந்தால் உடனே கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

இவற்றுக்கு அரை மணித்தியாலமும் ஆகாது, காசும் செலவில்லை.