வாளாசிரியர் ஏனாதிநாத நாயனார்

நம் சைவ பாடசாலைகளிற் கற்பிக்கும் ஆசிரியன்மார் அறுபத்துமூவர் சரித்திரங்களை ஆண்டுதோறும் மாணாக்கர்க்கு எடுத்தோதி வருகின்றனர். அச்சரித்திரங்களுட் கற்பிக்கும் தொழிலையே சீவனமாகக் கொண்டு வாழ்ந்த ஒருவருடைய சரித்திரமும் உண்டு. ஏடும் எழுத்தாணியும் கொண்டு கற்பித்தவர் அல்லராதலின் அவரை நம்மவராக நாம் எண்ணுவதில்லை. வாளும் பலகையும் கொண்டு கற்பித்த அப்பெருந்தகையார் ஏனாதிநாத நாயனார்.

திருகோணமலையிலிருந்து நிலாவெளி, குச்சவெளி கடந்து கடலோரமாக வடக்கே செல்லும் வழியில் உள்ளது நம் புல்மோட்டை. இங்குள்ள கருமணற் கரையில் மாலை வேளையிற் சிறுவர் இருவர் கம்பெடுத்து எதிரெதிர் நிற்கக் காணுந்தோறும் இந்நாயனார் சரித்திரமே நம் நினைவுக்கு வருகின்றது. கீழ்க்கரை ஊர்களில் முஸ்லிம் சகோதரர்கள் சீனடி, சிலம்படி என்னும் வித்தைகளைத் தலைமுறை தலைமுறையாகப் பேணி வந்திருக்கின்றனர். சீனடி என்னும் பெயரே கடல் கடந்த தொடர்பொன்றைச் சொல்லாமற் சொல்லுகின்றது. சிலம்பத்திற் கம்பு வீசத் தொடங்குமுன் ஆசானையும் களத்தையும் வணங்கிச் செய்யும் அடிவரிசைக்குச் சலாம் வரிசை என்று பெயர். அரபுச் சொல்லும் தமிழ்ச் சொல்லும் ஒரு வணக்கத்திற் கைகோத்து நிற்றல் காண்க. மலையாள தேயத்தார் படை பயிலும் இடத்தைக் களரி என்பர். மட்டக்களப்பாரோ கூத்தாடும் இடத்தைக் களரி என்பர். ஜப்பானியர் தம் மற்போருக்கும் வாட்பயிற்சிக்கும் இட்ட ஜூடோ, கெண்டோ என்னும் பெயர்களின் ஈற்றிலுள்ள சொல்லுக்கு நெறி என்பது பொருள். ஜிகோரோ கானோ என்பார் 1882 இல் ஜூடோவை வகுத்தபோது, பழைய பெயரில் வித்தையைக் குறித்து நின்ற சொல்லை நீக்கி நெறியைக் குறிக்கும் சொல்லை அமைத்தார். காஞ்சியிலிருந்து போந்த போதிதருமரே சீனருக்குப் போர்க்கலை கற்பித்தார் என்று பெருமை பேசுவார் நம்மிற் பலர். அதற்குத் தக்க சான்று கிடைத்திலது. ஐயுறவுக்கிடமான அப்பெருமையைத் தேடி அலைவானேன்? படைக்கலம் பயிற்றிய அடியவர் ஒருவர் நம் திருத்தொண்டர் வரிசையிலேயே நிற்கின்றாரே.

சோழ மண்டலத்திலே குடந்தையை அடுத்த எயினனூரிலே, ஈழக்குலச் சான்றார் மரபிலே இவர் அவதரித்தார். அவ்வூர் இக்காலத்து ஏனநல்லூர் என்பர். ஈழக்குலம் என்னுந் தொடருக்குப் பொருள் கூறுவார் பல திறத்தர். நம் நாட்டின் பெயரோடு அது ஒத்திருத்தல் கொண்டு நாம் உரிமை பாராட்டப் புகவில்லை. ஏனாதி என்பது பண்டைத் தமிழ் மன்னர் படைத்தலைவர்க்கு வழங்கிய சிறப்புப் பெயர். பட்டத்தோடு மோதிரமும் அளித்தல் வழக்கம். புறநானூற்றில் ஏனாதி திருக்கிள்ளி என்பான் பாடப்பெற்றுள்ளான். சேனாதிபதி என்னும் வடசொல்லின் திரிபே இஃதென்பாரும் உளர்.

சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்தொண்டத் தொகையில் இவர் பெயரை எடுத்தோதினார். நம்பியாண்டார் நம்பி தம் அந்தாதியிற் சிறிது விரித்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டிற் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்து இலைமலிந்த சருக்கத்தில், எறிபத்தருக்கும் கண்ணப்பருக்கும் நடுவே, இச்சரித்திரத்தை நிறைவுறப் பாடினார். நாம் ஈண்டுக் கூறுவது அவர் கூறிய வரலாறே.

மன்னர்க்கு வாட்படை பயிற்றுதல் நாயனாருக்கு வழிவழி வந்த தாயம். அதனால் வந்த ஊதியம் முழுவதையும் சிவனடியார்க்கு ஊட்டுதற்கும் உதவுதற்குமே செலவிட்டார். திருநீறணிந்தாரைக் காணின் அவர் குலமும் குணமும் வினவாது வழிபடுதல் அவர் வழக்கம்.

அவர் தாயாதியாகிய அதிசூரன் என்பானும் வாளாசிரியனே. பேருக்கேற்ப வீரமும் செருக்கும் உடையவன். நாளடைவில் மாணாக்கர் நாயனாரிடத்தே சென்று சேர, அதிசூரனுடைய வருவாய் தேய்ந்தது. அவன் அழுக்காறு கொண்டான். இவ்விடத்தை வகுப்பிலே படிப்பிக்கும்போது அவனைப் பிறவியிலேயே கொடியவனாகச் சித்திரித்துவிடுதல் எளிது. ஆனால், ஒரே ஊரில் ஒரே வித்தையைக் கற்பிக்கும் இருவருள் ஒருவர் வாயிலிற் பிள்ளைகள் நிறைய, மற்றவர் திண்ணை வெறுமையாகக் கிடப்பின் அம்மற்றவர் நெஞ்சம் எவ்வாறிருக்கும் என்பதை நம் தொழிலில் உள்ளாருக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

ஒருநாள் அதிசூரன் சுற்றத்தாரையும் துணைவரையும் கூட்டிக்கொண்டு நாயனார் மனைவாயிலிற் சென்று போருக்கு அறைகூவினான். இருவரும் அணிவகுத்துப் பொருது, வென்றவரே வாள் பயிற்றும் உரிமையைக் கொள்ளல் வேண்டும் என்பது அவன் கொண்டுவந்த வழக்கு. கற்பிக்கும் உரிமை கற்பிக்கும் திறத்தால் அமைவதேயன்றிக் கொல்லும் வலியால் அமைவதன்று. ஆயினும் நாயனார் மறுத்திலர். அவருடைய மாணாக்கரும் கிளைஞரும் செய்தி கேட்டுத் திரண்டனர். வெளியொன்றில் இரு திறத்தாரும் கைகலந்தனர். பலர் மாண்டனர். எஞ்சிய அதிசூரன் நாயனார் வாளுக்கு எதிர்நிற்றல் ஆற்றாது புறங்கொடுத்தோடினான்.

அன்றிரவு அவன் துயின்றிலன். நேர்நின்று வெல்லல் இயலாதென்று துணிந்து வஞ்சனையை நாடினான். விடியற்காலையில் ஆள் விடுத்து, துணைவர் வீணே மடிதல் வேண்டா, நாம் இருவர் மட்டும் வேறோரிடத்திற் பொருவோம் என்று சொல்வித்தான். நாயனார் அதற்கும் இசைந்தார். சுற்றத்தார் ஒருவருக்கும் அறிவியாமல் வாளும் பலகையும் ஏந்தித் தனியே சென்று குறித்த களத்தில் அவன் வரவு பார்த்து நின்றார். முன்னொருபோதும் திருநீறணியாத அதிசூரன் அன்று நெற்றி நிறையப் பூசி, அது தோன்றாவண்ணம் பலகையால் முகத்தை மறைத்துக்கொண்டு வந்தான்.

இருவரும் சாரி திரிந்தனர். ஒருவரையொருவர் வலமும் இடமுமாகச் சுற்றி இடம் பார்த்தலே சாரி. சிலம்பம் பழகுவாரது கால்வரிசையைக் கண்டவர்க்கு இஃது எளிதில் விளங்கும். நாயனார் கை ஓங்கிற்று. அடுத்த வீச்சில் அவன் தப்பான் என்னும் அளவில் அதிசூரன் பலகையைச் சிறிதே விலக்கினான். வெண்ணீறு தோன்றிற்று.

நாயனார் உள்ளத்துக்குள் நிகழ்ந்ததையே சேக்கிழார் விரிவாகக் காட்டுகின்றார். முன் காணாத நீற்றை இவன்பாற் காண்கின்றோம். இவன் இறைவனுக்கு அடியவனாயினன் போலும். இனி இவன் எண்ணம் எதுவோ அதன் வழியே நிற்போம் என்று துணிந்து, வாளையும் பலகையையும் நீக்கிவிட எண்ணினார். அக்கணமே வேறோர் எண்ணம் எழுந்தது. வெறுங்கையனைக் கொல்லுதல் போர்நெறிக்குப் பெரும் பழி. படைக்கலம் இழந்து நின்ற இராவணனை இராமன் கொல்லாது விடுத்ததும் அந்நெறி பற்றியே. தாம் வாளைக் கீழே போடுவாராயின், நிராயுதபாணியைக் கொன்றான் என்னும் பழி நீறணிந்த அவன்மேல் ஏறுமன்றோ? ஆகவே ஏந்திய வாளும் பிடித்த பலகையுமாகப் பொருவார் போலவே நேர்நின்றார். வீசவில்லை. பாதகன் தன் கருத்தை முடித்துக்கொண்டான். சிவபெருமான் எழுந்தருளி, பகைவன் வாளினாற் பாசமறுத்த அவ்வடியாரைத் தம்மைப் பிரியாப் பேற்றில் வைத்தருளினார்.

பாடம் முடிந்ததும் பிள்ளைகள் வினவுவர்: வஞ்சகனுக்கு உயிரைக் கொடுத்தல் பேதைமை அன்றோ? இவ்வினாவை அதட்டி அடக்கும் ஆசிரியரை நாம் கண்டதுண்டு, அஃது ஆகாது. மெய்ப்பொருள் நாயனாரை முத்தநாதன் கொன்ற வரலாற்றையும் ஒருங்கு வைத்து நோக்கின் விடை ஒருவாறு புலப்படும். மெய்ப்பொருளார், வந்தவன் பகைவன் என்று அறியாமலே இடங்கொடுத்தார். ஏனாதிநாதரோ தம் எதிர்நின்றவனை நன்கறிவார். அவன் தோளின் வலியையும் அளந்தறிந்தவர். வெற்றி தம் கையிலிருப்பதையும் உணர்ந்தவர். அஞ்சியவன் வாளைத் தாழ்த்துவதற்கும், வல்லவன் ஓங்கிய வாளை ஓங்கியபடியே நிறுத்துவதற்கும் உள்ள வேறுபாட்டைக் கம்பு சுழற்றும் சிறுவனே நமக்கு விளக்கிவிடுவான். கம்பை வேகமாக வீசுதல் சில மாதப் பயிற்சியில் வந்துவிடும். எதிரியின் தலைக்கு ஒருவிரல் இடையில் அதை நிறுத்துதற்கே ஆண்டுகள் வேண்டும்.

நம்மை மிகவும் வருத்துவது வேறொன்று. தாம் சாகும் தறுவாயிலும் நாயனார் கருதியது கொல்ல வந்தவன் மேல் எஞ்சக்கூடிய பழியையே. பகைவனைத் திருத்தவும் இல்லை, தண்டிக்கவும் இல்லை. அவன் குற்றத்தின் பாரத்தை ஒரு சிறிது குறைத்துவிட்டுப் போனார். இதனை நாம் முழுதும் உணர்ந்துவிட்டோம் என்று சொல்லத் துணியோம். ஆறுமுக நாவலர் 1852 இல் வெளியிட்ட பெரியபுராண வசனத்தில் இப்பகுதியைப் பன்முறை படித்தும் இவ்விடத்தில் நம் குரல் தடைப்பட்டதுண்டு.

நாயனார் குருபூசை புரட்டாசி மாதத்து உத்திராட நாளில் நிகழ்வது. அந்நாளில் இச்சரித்திரம் சொல்லும் ஆசிரியர் மற்றொரு வினாவையும் எதிர்பார்த்திருத்தல் நலம். அதிசூரன் பின்னர் என்னானான், வாள் பயிற்றும் தாயம் அவனுக்குக் கிடைத்ததா, மாணாக்கர் அவனிடம் சென்றனரா என்று பிள்ளைகள் கேட்பர். சேக்கிழார் அவனைப்பற்றி மேலொன்றும் கூறாது கண்ணப்பர் சரித்திரத்துக்குச் சென்றுவிட்டார். அவன் நரகெய்தினான் என்று கதை கட்டிச் சொல்லாமல், நூலிற் கூறப்படவில்லை என்றே பிள்ளைகளுக்குச் சொல்லுக.