ஆபிரகாம் லிங்கனும் தலைமைப் பண்பும்

1809 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 12 ஆம் நாள், கென்டக்கி மாநிலத்தில் ஒரு மரக்குடிலில் பிறந்தவர் ஆபிரகாம் லிங்கன். பள்ளியில் அவர் பயின்ற நாட்களையெல்லாம் கூட்டினாலும் ஓராண்டு நிறையாது. இரவல் நூல்களைக் கற்று வழக்கறிஞராகி, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பதினாறாவது குடியரசுத் தலைவரானார். இவ்வளவும் நம் இளைஞர்கள் பாடநூலில் படித்ததே. அப்பதவியை அவர் எங்ஙனம் வகித்தார் என்பதே நாம் இங்குக் காணப்புகுவது.

அவருக்கு முன் அப்பதவியில் இருந்த ஜேம்ஸ் புக்கானன், செனட்டராகவும் தூதராகவும் அமைச்சராகவும் விளங்கிப் பழுத்த அனுபவம் பெற்றவர். 1860 இறுதியில், அடிமை முறையைக் காக்கும் பொருட்டுத் தென் மாநிலங்கள் பிரியத் தொடங்கின. பிரிய அவற்றிற்கு உரிமையில்லை, தடுக்கத் தமக்கும் அதிகாரமில்லை என்று கூறி அவர் வாளாவிருந்தார். 1861 பிப்ரவரிக்குள் ஏழு மாநிலங்கள் போயின. லிங்கனோ, அதே அரசியல் சட்டத்தின் கீழ், பதவியேற்ற ஆறு வாரங்களில் 75,000 வீரர்களைத் திரட்ட அழைப்பு விடுத்தார்.

வேட்பாளர் தேர்வில் தம்மை எதிர்த்து நின்ற சீவர்டு, சேஸ், பேட்ஸ் ஆகியோரையே அமைச்சர்களாக்கினார். முன்பு வழக்கொன்றில் தம்மை இழிவாக நடத்திய ஸ்டான்டனிடம் போர்த்துறையை ஒப்படைத்தார்.

அவரிடம் குறைகளும் இருந்தன. அடிமை முறை நிலவிய மாநிலங்களில் அதனைத் தொடுவதில்லை என்றே தொடக்கத்தில் உறுதியளித்தார். கறுப்பின மக்களை வேற்று நாட்டில் குடியேற்றலாம் என்று 1862 லும் எண்ணினார். அவரை நகர்த்தியவர்கள், தப்பிவந்து படைமுகாம்களில் சேர்ந்த அடிமைகளும், அடிமையாகப் பிறந்து அறிஞராக உயர்ந்த பிரெடரிக் டக்ளஸ் போன்றோருமே. 1863 ஜனவரி முதல் நாள், கிளர்ச்சிப் பகுதிகளின் அடிமைகளுக்கு விடுதலை அறிவிக்கப்பட்டது. போர் முடிவதற்குள் ஏறத்தாழ 1,80,000 கறுப்பின வீரர்கள் படையில் பணியாற்றினர்.

அவ்வீரர்களுக்கோ மாத ஊதியம் 10 டாலர்; அதிலும் உடைக்கென 3 டாலர் பிடித்தம். வெள்ளை வீரருக்கு 13 டாலர். 1863 ஆகஸ்டில் டக்ளஸ் நேரிற் சென்று முறையிட்டார். குடியரசுத் தலைவர் பொறுத்திருக்கச் சொன்னார். சம ஊதியச் சட்டம் 1864 ஜூனில்தான் வந்தது. இடைப்பட்ட மாதங்களில் மடிந்தவர்களை எண்ணும்போது அப்பொறுமையை நம்மால் முழுதும் ஏற்க இயலவில்லை.

ஆயினும், நகர்ந்தபின் அவர் பின்வாங்கவில்லை. 1864 கோடையில் தேர்தல் தோல்வி உறுதி என்று பலரும் நம்பினர். சமாதானத்தின் பொருட்டு அடிமை ஒழிப்பைக் கைவிடுமாறு கட்சியினரே நெருக்கினர். அவர் இணங்கவில்லை, தேர்தலிலும் வென்றார். 1865 ஜனவரி 31 அன்று அடிமை முறையை ஒழிக்கும் திருத்தம் மக்களவையில் நிறைவேறியது. ஏப்ரல் 14 இரவு சுடப்பட்டு, மறுநாள் காலை உயிர் நீத்தார்.

அடுத்துவந்த ஆண்ட்ரூ ஜான்சன், கறுப்பின மக்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டத்தை 1866 இல் மறுத்தார். காங்கிரசு அவரை மீறி அதனை நிறைவேற்றியது. ஆனால் நிலத்தை மீட்க இயலவில்லை. விடுதலை பெற்றோருக்குத் தென்கடலோரத்தில் பிரித்தளிக்கப்பட்ட நிலங்களை, 1865 இலேயே அவர் பழைய எஜமானர்களுக்குத் திருப்பித்தரச் செய்திருந்தார். அங்கு உழுது விதைத்திருந்த குடும்பங்கள் பல வெளியேற்றப்பட்டன. எஞ்சியவை அந்நிலத்திலேயே கூலிக்கு அமர்ந்தன.