கொசுவைக் குற்றவாளி எனக் கண்ட மருத்துவர்

மாலை வேளையில் நம் காதருகே ரீங்காரமிடும் கொசுவைக் கையால் தட்டிவிட்டு மறந்துவிடுகிறோம். ஆனால் அச்சிறு பூச்சியைக் கூர்ந்து நோக்கி, தாம் கண்ட உண்மைக்காக ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஏளனத்தைத் தாங்கிய மருத்துவர் ஒருவர் இருந்தார். அவர்தாம் கியூபா நாட்டின் டாக்டர் கார்லோஸ் பின்லே.

1833-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தை ஸ்காட்லாந்து நாட்டு மருத்துவர். தாயார் பிரெஞ்சு இனத்தவர். கல்விக்காகப் பிரான்சு சென்ற சிறுவரை நரம்பு நோய் ஒன்று தாக்கியது. அது முதல் பேச்சில் திக்குதல் ஏற்பட்டது. எனினும் அவர் தளரவில்லை. 1855-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் மருத்துவப் பட்டம் பெற்று, தாயகம் திரும்பி ஹவானாவில் பணியாற்றினார்.

அந்நாளில் மஞ்சட்காய்ச்சல் ஹவானாவை வாட்டியது. உடல் மஞ்சளாகி, கறுப்பாக வாந்தி எடுத்துப் பலர் மாண்டனர். கெட்ட காற்றும் நோயாளியின் துணிகளுமே காரணம் என்று பலரும் நம்பினர். பின்லேயோ, நோயாளிக்கும் மற்றவருக்கும் இடையே நோயைச் சுமந்து செல்லும் ஒன்று இருக்க வேண்டும் என்று சிந்தித்தார். 1881 ஆகஸ்டு 14-ஆம் நாள் ஹவானா அறிவியல் கழகத்தில், அது ஒரு வகைக் கொசுவே என்று கட்டுரை படித்தார். அவையினர் நம்பவில்லை. பின்னர் அவரைக் கொசு மனிதர் என்று கேலியும் செய்தனர்.

அவர் சோர்வடையவில்லை. தாமாக முன்வந்த படைவீரர்களையும், ஸ்பெயினிலிருந்து வந்த இயேசு சபை, கார்மேல் சபைக் குருக்களையும் கொண்டு சோதனைகள் நடத்தினார். ஆனால் ஐயத்திற்கு இடமில்லாத சான்று கிட்டவில்லை. காரணம் பின்னரே தெரிந்தது. நோயின் முதல் சில நாட்களில்தான் கொசு கிருமியைப் பெறும். அதன்பின் சுமார் 12 நாட்கள் கழித்தே பிறருக்குக் கொடுக்கும்.

1900-இல் வால்டர் ரீட் தலைமையில் அமெரிக்க மருத்துவக் குழு ஹவானா வந்தது. தாம் பேணிக் காத்த கொசு முட்டைகளைப் பின்லே மனமுவந்து கொடுத்தார். அக்குழுவின் ஜெஸ்ஸி லாசியர் மஞ்சட்காய்ச்சலால் உயிர் துறந்தார். இறுதியில் உண்மை உறுதியானது. கொசுக்களை ஒழித்ததும் 1901-இல் ஹவானாவில் அந்நோய் அடங்கியது. 1902 முதல் 1909 வரை கியூபாவின் தலைமைச் சுகாதார அதிகாரியாக விளங்கிய பின்லே, 1915 ஆகஸ்டு 20-ஆம் நாள் மறைந்தார். நோபல் பரிசுக்குப் பலமுறை பெயர் முன்மொழியப்பட்டும் அது அவருக்குக் கிட்டவில்லை.

தோழியரே, அவர் காட்டிய வழி நமக்கும் தேவையானது. மஞ்சட்காய்ச்சல் கிருமியின் குடும்பத்தைச் சேர்ந்ததே ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ். இந்தியாவில் மனிதரிடம் இந்நோய் முதன்முதலில் அறியப்பட்டது 1955-இல், நம் வேலூரில்தான். இங்கும் இடையில் நிற்பது கொசுவே. நெல்வயல் நீரில் பெருகும் கொசு, கொக்கு, நாரை போன்ற பறவைகளிடமிருந்து கிருமியைப் பன்றிகளுக்குக் கொண்டு செல்கிறது. பன்றியின் இரத்தத்தில் அது மிகுதியாகப் பெருகும். வளர்ந்த பன்றி பெரும்பாலும் நோயுற்றதாகவே தோன்றாது. சினைப்பன்றிகளுக்கு மட்டும் குட்டிகள் இறந்து பிறக்கும். அப்பன்றியைக் கடித்த கொசு நம்மைக் கடித்தால், சிலருக்கு மூளையே பாதிக்கப்படும். குழந்தைகளுக்கே ஆபத்து அதிகம். 2022-இல் ஆஸ்திரேலியாவின் பன்றிப் பண்ணைகளில் இந்நோய் பரவியபோது மனிதர் சிலரும் இறந்தனர்.

பன்றி இறைச்சியை உண்பதால் இந்நோய் வருவதில்லை. ஒரு மனிதரிடமிருந்து கொசு வழியாக இன்னொருவருக்கும் பரவுவதில்லை. ஆகவே நோயாளியைக் கண்டு அஞ்ச வேண்டாம். பன்றிப் பட்டிகளை வீடுகளுக்கு அப்பால் அமைப்போம். கொசுவலைக்குள் உறங்குவோம். நோயுள்ள பகுதிகளில் குழந்தைகளுக்குத் தவறாது தடுப்பூசி போடச் செய்வோம்.

சிரித்தவர்களின் பெயர்கள் மறைந்தன. பொறுமையுடன் உழைத்தவர் பெயர் நிலைத்தது. நாமும் சிறியவற்றைக் கூர்ந்து நோக்கி, கண்ட உண்மையில் உறுதியாய் நிற்போமாக!